ஊர் போகாத சக்கரம்

'செக்குமாடு' என்று யாரையாவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. உண்மையில் கோபப்பட வேண்டியது மாடுதான். நாள் முழுவதும் நடக்கிறது. மாலையில் பார்த்தால் காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கணக்குப் பார்த்தால் ஒரு வருஷத்தில் அது காசிக்குப் போய்த் திரும்புகிற தூரத்தை நடந்து தீர்த்திருக்கும். புண்ணியம் மட்டும் கிடையாது.

சென்ற வைகாசியில் ஏனாத்தூரில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இந்த மாட்டின் நினைவு வந்தது. ஏனாத்தூர் காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே உள்ள பல்கலைக்கழகத்தினால் ஊரின் பெயர் இப்போது வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். நண்பர் பட்டு நெசவாளி. நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். முழங்கால் இரண்டும் இனி ஒத்துழைப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டதால், தறியை விட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டார். மகனுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம்; அதிலும் இரவு வேலை. முப்பத்திரண்டு வயதில் டாக்டர் அவனுடைய ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டுபிடித்துவிட்டார். தகப்பனாரைக் குழி கெடுத்தது. பிள்ளையை நாற்காலி கெடுத்தது.

"தினமும் சைக்கிள் விடு" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பையனும் விடியற்காலையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரண்டு நாள் போய்ப் பார்த்தான். லாரிகளைக் கண்டதும் மூன்றாம் நாள் உயிரின் மேல் ஆசை வந்துவிட்டது.

"வீட்டுக்குள்ளேயே சைக்கிளை மாட்டி மிதிக்கிற மெஷின் இருக்கு சார். ஸ்மார்ட் டிரெய்னர்னு பேரு. பத்துப் பதினைஞ்சு தினுசு விக்குது. எதை வாங்கறதுன்னுதான் தெரியலை" என்றான் என்னிடம்.

திண்ணையின் மறுகோடியிலிருந்து கிழவர் கேட்டார்: "நான் நாப்பது வருஷம் மிதிச்சேன். சேலையாவது வந்தது. நீ மிதிச்சா என்னடா வரும்?"

"வேர்வை வரும், நைனா."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கிழவர் கேட்டது சாமானியமான கேள்வியல்ல. நின்ற இடத்திலேயே மிதிப்பது எதற்காக, யாருக்காக என்று சரித்திரம் இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மாடு வாங்கப் போகிறவன் சுழி பார்ப்பதில்லையா? அதுபோல, இந்த யந்திரத்தை வாங்குவதற்கு முன்னால் அதன் பூர்வ கதையைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம்.

1796-ஆம் வருஷம் லண்டனில் பிரான்சிஸ் லவுண்டஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்று ஒரு யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உட்கார்ந்தபடியே கையாலும் காலாலும் சக்கரங்களைச் சுழற்ற வேண்டியது, தேகத்துக்கு ஆரோக்கியம். கணக்கு எழுதுகிற வியாபாரியும் படிக்கிற மாணவனும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே காலை ஆட்டலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பெருமை. ஜெர்மனியில் டிரைஸ் பிரபு இரண்டு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817-ல்தான். அதற்கும் மிதிகட்டை கிடையாது, காலால் தரையை உந்த வேண்டும். ஆக, ஊருக்குப் போகிற சைக்கிளுக்கு முன்பே ஊர் போகாத சைக்கிளின் பாட்டனார் பிறந்துவிட்டார். நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாத மனிதனுக்காகப் பிறந்தவர் அவர். ஏனாத்தூர்ப் பையனுக்கு 1796-லேயே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்!

நல்ல எண்ணத்தில் பிறந்த சங்கதி சீக்கிரமே கெட்ட சகவாசத்தில் விழுந்தது. 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற இங்கிலீஷ் என்ஜினீயர், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர்ச் சிறைச்சாலையில் கைதிகள் சும்மா இருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், 'மிதிசக்கரம்' ஒன்றை அமைத்தார். அகலமான பெரிய உருளை; அதைச் சுற்றிப் படிகள். கைதி ஒரு படியில் கால் வைத்தால் அது கீழே இறங்கும். உடனே அடுத்த படியில் ஏற வேண்டும். முடிவில்லாத மாடிப்படி. சில சிறைகளில் அந்தச் சக்கரம் மாவு அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல சிறைகளில் அது எதையும் அரைக்கவில்லை, காற்றை அரைத்தது. பயனற்ற உழைப்பு என்று தெரிந்தே உழைக்க வைப்பதுதான் தண்டனை. 'சீமாட்டியின் விசிறி' நாடகம் எழுதி லண்டனைச் சிரிக்க வைத்த ஆஸ்கார் வைல்டு 1895-ல் பென்டன்வில் சிறையில் இந்தச் சக்கரத்தில் ஏறி மிதித்தார். 1898-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் அது இங்கிலாந்தில் ஒழிந்தது.

இங்கிலாந்தில் ஒழிந்தால் என்ன? நம் நாட்டில் செக்கு இருந்தது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையை 1908-ல் கோயமுத்தூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். இந்தத் தண்டனையில் இருந்த குரூரம் உடல் நோவோடு நின்றுவிடுவதல்ல. கடலைத் தாண்டிப் போக வழி கண்ட மனிதனை வட்டத்துக்குள் நடக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அவர் 1912-ன் கடைசியில் விடுதலையானார். அதே 1912-ஆம் வருஷம் ஏப்ரலில் 'டைட்டானிக்' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் பணக்காரப் பிரயாணிகளுக்காக ஒரு தேகப் பயிற்சி அறை; அதற்குள் நகராத சைக்கிள்கள்; அவற்றுக்கு எதிரே சுவரில் பெரிய வட்ட முகப்பு. மிதிக்க மிதிக்க முள் நகர்ந்து, எவ்வளவு தூரம் 'போயிருக்கிறோம்' என்று காட்டும். கப்பல் சமுத்திரத்தில் போகிறது. கப்பலுக்குள் மனிதர் போகாத தூரத்தை அளந்துகொண்டிருக்கிறார். கோயமுத்தூரில் ஒருவர் சுற்றச் சொன்னதால் சுற்றினார். கப்பலில் ஒருவர் ஆசைப்பட்டுச் சுற்றினார். கால் செய்த வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்த வருஷமே, 1913-ல், டென்மார்க்கில் ஆகஸ்ட் க்ரோக் என்ற விஞ்ஞானி ஒரு சைக்கிளை ஆராய்ச்சிசாலைக்குள் நிறுத்தினார். பின்னால் 1920-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மனிதத் தசை எவ்வளவு வேலை செய்கிறது, அதற்கு எவ்வளவு பிராணவாயு வேண்டியிருக்கிறது என்று அளக்க விரும்பினார். கட்டையை வைத்து அழுத்தினால் அது சூடேறித் தேய்ந்து அளவு மாறும். ஆகவே காந்தத்தால் சக்கரத்தைப் பிடித்தார். சுழலும் உலோகத் தட்டின் பக்கத்தில் மின்காந்தத்தை வைத்தால், தட்டுக்குள் மின்னோட்டம் எழுந்து, யாரும் தொடாமலே சக்கரம் கனக்கும். மின்சாரத்தைக் கூட்டினால் கனம் கூடும். இன்று கடையில் விற்கிற பல ஸ்மார்ட் டிரெய்னர்களின் வயிற்றுக்குள் இருப்பது இந்தத் தத்துவந்தான்.

சரி, அதற்கு 'ஸ்மார்ட்' என்ற பட்டம் எப்படி வந்தது? அந்தப் பாதி கதை காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. 1804-ஐ ஒட்டிப் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் தறிக்குக் கட்டளையிடும் முறையைச் செம்மை செய்தார். நெசவாளி காலால் மிதிக்கிறார். எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டை சொல்கிறது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் கணித யந்திரத்துக்குக் கட்டளையிட நினைத்தார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கையே துளையட்டையால் எண்ணி முடித்தார்கள். கம்ப்யூட்டர் அந்த வம்சத்தில் வந்தது. 1980-களில் சியாட்டில் நகரத்து ரேஸர்மேட் கம்பெனி கம்ப்யூட்டரையும் க்ரோக்கின் பிரேக்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. திரையில் மலை வந்தால் சக்கரம் கனக்கும். 2012-ல் வாஹூ கம்பெனியின் 'கிக்கர்' வந்தது. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே யந்திரத்தில் மாட்டுகிற வகை. 2014-ல் 'ஸ்விஃப்ட்' என்ற மென்பொருள், உலகத்தின் பல மூலைகளில் தனித்தனி அறையில் மிதிப்பவர்களை ஒரே தெருவில் சேர்த்துவிட்டது. கொரோனா உலகத்தை வீட்டுக்குள் அடைத்த 2020-ஆம் வருஷம் டிசம்பரில் இதற்கு உலக சாம்பியன் பந்தயமே நடந்தது. ஜெயித்தவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஆகவே மிதிப்பவரின் கால், கட்டளையிடும் அட்டை என்ற இரண்டுமே கிழவருக்குப் பழைய சிநேகிதர்கள். பையன் வாங்கப் பார்ப்பது சேலை வராத தறி. அவ்வளவுதான்.

இப்போது அவனுக்கு நான் எழுதிய கடிதத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது தராசு. இந்த யந்திரங்கள் காலின் வேலையை 'வாட்' கணக்கில் சொல்கின்றன. ஒரு குதிரைச் சக்தி 746 வாட். நீயோ குதிரையல்ல, 150 வாட் மிதிக்கிறாய் என்று வைத்துக்கொள். பின்சக்கரத்தைக் கழற்றாமல் டயரின் மேல் உருளையை அழுத்துகிற மலிவு வகையில் சுமார் 5 சதவிகிதம் வரை பிழை சகஜம். அதாவது ஏழரை வாட். ஏழரை என்றாலே நமக்கு ஆகாது! நேரே சங்கிலி மாட்டுகிற வகையில் பிழை ஒன்றிரண்டு சதவிகிதந்தான் என்கிறார்கள். ஆனாலும் பிழையின் அளவைவிட அதன் குணத்தைப் பார். எப்போதும் ஒரே அளவு பொய் சொல்லுகிற தராசிலும் நீ போன மாதத்தைவிடத் தேறியிருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளலாம். டயரில் காற்றுக் குறைந்தால் ஒரு பொய், சூடேறினால் ஒரு பொய் என்று மாற்றி மாற்றிச் சொல்லுகிற தராசுதான் ஆபத்து. மலிவு வகையை வாங்கினால், ஒவ்வொரு தடவையும் காற்றைச் சரிபார்த்து, பத்து நிமிஷம் மிதித்துச் சூடேற்றி, அளவைத் திருத்திக்கொள்ளும் பொறுமை வேண்டும்.

இரண்டாவது சுதந்திரம். யந்திரம் புளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற பொதுப் பாஷைகளில் பேசுகிறதா என்று கேள். ஒரே கம்பெனியின் மென்பொருளோடுதான் பேசும் என்றால், ஒரே முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளியின் கதிதான் உனக்கும். மாதச் சந்தாவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

மூன்றாவது வீடு. உன் சைக்கிளின் பின் அச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் அது பொருந்துமா என்று பார். சத்தத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். தறி ஓடிய தெரு. மின்சாரம் நின்றால் பெரும்பாலும் சக்கரத்தின் கனமும் மாறிவிடும் என்பதை நினைவில் வை. சாலையில் எதிர்க்காற்று உண்டு, அறைக்குள் இல்லை. காஞ்சிபுரத்து வெயில் காலத்தில் நல்ல மின்விசிறி இல்லாமல் இதில் ஏறுவது மூடத்தனம். வேர்வை உப்பு, மிதித்து முடித்ததும் துடைக்காவிட்டால் சைக்கிளின் திருகாணிகளைத் தின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த யந்திரங்களில் 'எர்க்' என்று ஒரு முறை உண்டு. 150 வாட் என்று கட்டளை கொடுத்துவிட்டால் யந்திரம் அதை விடாது. களைத்துப்போய்க் காலை மெதுவாக்கினால், குறைந்த வேகத்திலும் அதே வாட்டைக் கறப்பதற்காகப் பிரேக்கை இறுக்கும். இறுக்க இறுக்கக் கால் இன்னும் மெதுவாகும். கடைசியில் நின்றே போகும். பயிற்சிக்கு நல்ல முறைதான். ஆனால் க்யூபிட்டின் படிச்சக்கரமும் இதைத்தான் செய்தது. ஆகையால் கடையில் ஏறி உட்கார்ந்து பார்க்கும்போது, எவ்வளவு செங்குத்தான மலையை அது காட்டும் என்று மட்டும் பார்க்காதே. வேண்டாம் என்றால் எத்தனை சுலபமாக விட்டுவிடுகிறது என்பதையும் பார்.

கடிதம் போய்ச் சில மாதம் கழித்து, மார்கழியில், மறுபடியும் ஏனாத்தூர் போனேன். தறி இருந்த கூடத்தில் குழியை மூடிப் பலகை போட்டு, அதன் மேல் சைக்கிள் நின்றது. விலை உயர்ந்ததுமில்லை, மட்டமானதுமில்லை, நடுத்தரம். பையன் இளைத்திருந்தான். கிழவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திரையில் ஓடுகிற யாரோ ஊர்க்காரர்களின் பாதையை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கிறது யந்திரம்?" என்று கேட்டேன்.

"சேலை வரலீங்க" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "எங்கே, நிறுத்து" என்றார்.

அவன் கால் நின்றது. சக்கரம் சற்று நேரம் தானே சுழன்று ஓய்ந்தது.

"பார்த்தீங்களா? நிறுத்துன்னா நிக்குது. எங்களுக்கு அப்படி நிறுத்த முடிஞ்சுதா?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார். "மிதிடா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு!"