இழுக்காமல் நடத்தும் கலை: மிரளும் குதிரையின் வரலாறு

சில வருடங்களுக்கு முன்னர், கடுங்கோடையில் ஒருநாள் நெடுந்தீவுக்குச் சென்றிருந்தேன். அத்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை இலாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே சிதைந்து நிற்கின்றன. வறட்சி முற்றினால் இக்குதிரைகள் தண்ணீரின்றி மடிவதுண்டு.

அன்று, காலில் காயம்பட்டு மெலிந்திருந்த இளங்குதிரை ஒன்றின் கழுத்தில் கயிறிட்டு, இளைஞர் இருவர் அதனைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துச்செல்ல முயன்றுகொண்டிருந்தனர். வழியிலே கல்வேலியொன்றில் சிக்கியிருந்த உரப்பை காற்றில் படபடத்தது. அதைக் கண்டதும் குதிரை நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டது. அவர்கள் எவ்வளவு பலமாக இழுத்தனரோ, அவ்வளவு பலமாக அது பின்வாங்கிற்று. அப்போது முதியவர் ஒருவர் வந்து கயிற்றை வாங்கினார்.

“இழுக்காதை தம்பி. முன்னுக்கு நிக்காதை, அதின்ரை தோளோடை நில். கயிறைத் தளர விடு,” என்றார்.

பின்னர் கயிற்றை இளைஞனிடம் கொடுத்துவிட்டு, தாமே போய் அந்த உரப்பையைத் தொட்டுக் காட்டினார். திரும்பி வந்து குதிரையின் கழுத்தடியைச் சொறிந்தபடி பேசாமல் நின்றார். ஒரு கால்மணி நேரம் கழிந்திருக்கும். குதிரை தலையைத் தாழ்த்திற்று, பெருமூச்செறிந்தது, நடந்தது. தண்ணீர் குடித்தது.

ஊர் திரும்பிய பின்னர் கிரேக்க எழுத்தாளர் செனொபோனின் குதிரையேற்றம் பற்றிய சிறுநூலை மொழிபெயர்ப்பில் வாசித்தபோது வியப்படைந்தேன். அந்த முதியவர் சொன்னவை யாவும் அங்கே இருந்தன. செனொபோன் ஏதென்சு நகரத்தவர், சோக்கிரதீசின் மாணவர், பாரசீகத்தின் உட்பகுதியிலிருந்து பத்தாயிரம் கூலிப்படையினர் பின்வாங்கியபோது அவர்களை வழிநடத்தியோருள் ஒருவர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட அவரது நூல், குதிரை பற்றி இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கிரேக்க நூலாகும்.

இளங்குதிரையைச் சந்தடி மிகுந்த இடங்களினூடே நடத்திச்சென்று, பலவகைக் காட்சிகளுக்கும் ஓசைகளுக்கும் பழக்கவேண்டும் என்கிறார் அவர். அது மிரண்டால் கடுமை காட்டாது, அஞ்ச ஏதுமில்லை என்பதை மென்மையாக உணர்த்தவேண்டும். மிரட்சி தரும் பொருளை மனிதன் முதலில் தான் தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அதனருகே கொண்டுசெல்லவேண்டும். அடித்தால் என்னவாகும் என்பதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. அடியின் வலி அந்தப் பொருளாலேயே வந்தது என்று குதிரை எண்ணிக்கொள்ளும்; எனவே அச்சம் இரட்டிப்பாகும். கோபத்தோடு ஒருபோதும் குதிரையை அணுகலாகாது என்பது அவர் வலியுறுத்தும் விதி.

நடத்திச்செல்லும் முறையையும் அவர் தனியாக ஆராய்கிறார். மனிதன் முன்னே நடந்து குதிரை பின்னே வந்தால், அது செய்வதை அவன் காணமுடியாது. குதிரையை முன்னே விட்டால், அது விரும்பிய பக்கம் திரும்பிவிடும். ஆகவே பக்கவாட்டில் நின்று நடத்துவதே இருவருக்கும் பாதுகாப்பானது.

இதன் நியாயத்தைக் குதிரையின் கண்ணமைப்பு விளக்கும். தலையின் இருபக்கங்களிலும் கண்கள் அமைந்திருப்பதால், அது ஏறத்தாழ 350 பாகையளவு சுற்றுப்புறத்தைக் காணவல்லது. எனினும் நெற்றிக்கு நேர்முன்னேயும் வாலுக்கு நேர்பின்னேயும் அதற்குக் குருட்டிடங்கள் உண்டு. தோளருகே நிற்பவனை அது தெளிவாகக் காண்கிறது. மேலும், புல்வெளியில் வாழ்ந்த இந்த விலங்குக்கு ஓட்டமே உயிர்க்காப்பு. கயிறு இறுகும்போது ஓடும் வழி அடைபடுகிறது, அச்சம் பெருகுகிறது. ஓரடி எடுத்துவைத்த கணமே கயிற்றைத் தளர்த்தினால், நடப்பதே நிம்மதிக்கு வழி என்பதை அது கற்றுக்கொள்ளும்.

புசெபலசு என்ற குதிரையின் கதை பலரும் அறிந்ததே. பதின்மூன்று தாலந்து விலை சொல்லப்பட்ட அக்குதிரை எவருக்கும் அடங்காதிருந்தது. அது தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாண்டர் கண்டுகொண்டான். கடிவாளத்தைப் பற்றி அதனைச் சூரியனை நோக்கித் திருப்பினான். தடவிக்கொடுத்தபடி சற்றுத் தூரம் உடன் ஓடினான். அதன் பின்னரே ஏறினான். இதனைக் கூறும் புளூட்டார்க் நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். ஆதலால் கதையில் அலங்காரம் கலந்திருக்கக்கூடும். ஆயினும் அதன் மையம் செனொபோனின் பாடமேயாகும்: மிரட்சியின் காரணத்தைத் தேடு, பின்னர் கட்டளையிடு.

இப்பாடத்தை அறியாத இடங்களில் இழப்பு பெரிது. எமது அண்டை நிலமான பாண்டிநாடு அதற்குச் சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரேபியக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கே வந்திறங்கின. அவற்றுள் நூறுகூட ஆண்டிறுதியில் மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையே காரணம் என்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபு இன்னும் நுட்பமாக ஒன்றைக் குறிப்பிடுகிறார். வந்த குதிரைகளை நாற்பது நாட்கள் முளையடித்துக் கட்டிவைத்துக் கொழுக்கச்செய்து, பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி வீரர்கள் ஏறி ஓட்டினராம். அந்நியர் கூற்றில் மிகை இருக்கலாம். வெப்பமும் தீவனமும் கூடக் காரணமாகியிருக்கலாம். ஆயினும் திருப்பெருந்துறை வரை குதிரை வாங்க அமைச்சரை அனுப்பிய கதையைப் போற்றும் நாம், கடல் கடந்து வந்து மிரண்டு நின்ற அந்தக் குதிரைகளை எண்ணிப்பார்ப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் ரேரி என்பவர் பெரும்புகழ் பெற்றார். 1858இல் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் தமது முறையைக் காட்டினார். அதே ஆண்டில், எவரும் நெருங்க அஞ்சிய குரூசர் என்னும் முரட்டுக் குதிரையைச் சில மணித்தியாலங்களில் அடக்கினார். வலி தராத எப்பொருளையும், அதனைக் குதிரை தானே ஆராய விட்டால், அஞ்சாதிருக்கப் பழக்கலாம் என்பது அவரது கொள்கைகளுள் ஒன்று. ஆனால் அவர் குதிரையின் முன்னங்காலை வாரினால் மடித்துக் கட்டி, அதனைத் தரையில் படுக்கவைத்தார். அவ்வாறு பெறப்படும் அமைதி நம்பிக்கையா அன்றித் தோல்வியா என்ற கேள்வியை இன்றைய பயிற்சியாளர்கள் எழுப்புகின்றனர். அது நியாயமான கேள்வி. அடங்கியிருப்பதும் அமைதியாயிருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

அண்மைக்கால ஆய்வுகள் இரண்டு இதனோடு பொருந்துகின்றன. குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் கழுத்தடியில் மனிதர் சொறிந்தாலும், அவற்றின் இதயத்துடிப்புக் குறைகிறது என்பதை 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. 2009இல் வெளியான சுவீடன் ஆய்வாளர்களின் ஆய்வு இன்னும் சுவையானது. குதிரையை நடத்திச்செல்வோரிடம், ஒரு குறித்த சுற்றில் திடீரெனக் குடை விரிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. உண்மையில் குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் அச்சுற்றில் மனிதரின் இதயத்துடிப்பு உயர்ந்தது. குதிரையின் துடிப்பும் உயர்ந்தது. குடையைப் பற்றிக் குதிரைக்கு எவரும் சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவரின் அச்சம் எவ்வாறோ அதனையும் சென்றடைந்தது.

இதை வாசித்தபோது நெடுந்தீவு முதியவரின் மௌனத்துக்கு விளக்கம் கிடைத்தது. அவர் குதிரையை அமைதிப்படுத்துமுன் தாம் அமைதியாக இருந்தார். அந்த இளைஞர்களையும் அமைதிப்படுத்தினார். செனொபோனை அவர் வாசித்திருக்கமாட்டார். கோபம் கண்ணை மறைக்கும் என்பதை அறிய ஒருவர் கிரேக்கம் கற்கவேண்டியதில்லை.

அஞ்சியவர்களைப் பலத்தால் இழுத்துச்செல்ல முயன்றவர்களைப் பற்றியே பத்திரிகைகளில் நெடுங்காலம் எழுதியவன் நான். இழுத்தவர்கள் எப்போதும், “இது அடங்காத சாதி” என்றே சொன்னார்கள். அந்தக் குதிரையோ அடங்காமல் நிற்கவில்லை. அது தாகத்தோடு நின்றது; தண்ணீருக்குப் போகவே விரும்பியது. நடுவிலே நின்றது ஓர் உரப்பை மட்டுமே.