பாக்குத் தீவின் படகுத்துறை

பினாங்குத் தீவுக்கு விடுமுறைப் பயணம் புறப்படும் தமிழ்க் குடும்பங்களிடம் பயண முகவர்கள் கொடுத்தனுப்பும் நிரல் ஒன்றைக் கண்ணுற்றோம். மலையேறும் இழுவை ரயில், பத்து பெரிங்கிக் கடற்கரை, வண்ணத்துப்பூச்சித் தோட்டம், கடைவீதி என்று மூன்று நாட்களும் நிறைந்திருந்தன. தீவுக்கும் எதிர்க்கரைக்கும் இடையே ஓடும் பயணிப் படகு மட்டும் அதில் இடம்பெறவில்லை. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரே அத்தீவுக்கு விமானம் விடப்பட்டது. விமான நிலையம் தீவிலேயே அமைந்திருப்பதால், இடையிலுள்ள நீரைத் தொடாமலே போய்த் திரும்பிவிடலாம். அவ்வாறு திரும்புவோர் பினாங்கைப் பார்த்தவர்தாம். ஆயினும் அவ்வூரின் வாசல் எது, அவ்வாசலில் நம்மவர் செய்த தொழில் என்ன என்பதை அறியாமலே திரும்புகின்றனர். பயணத்தைத் திட்டமிடும் அன்பர்களுக்காகவே இவ்வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

பூலாவ் பினாங் என்னும் மலாய்ப் பெயருக்குப் பாக்குத் தீவு என்பது பொருள். ஜார்ஜ் டவுன் நகரம் அமைந்த முனையை ஊர்மக்கள் தஞ்சோங் என்பர். முனை என்றே பொருள். எதிர்க்கரைக்கு ஸெபராங் என்று பெயர். அக்கரை என்று நாம் சொல்வதற்கு நேரான சொல். அக்கரையின் படகுத்துறை ஊர் பட்டர்வொர்த். ஆங்கில ஆளுநர் ஒருவரின் பெயர் அது. மலாய் மக்களோ அதைப் பாகான், அதாவது இறங்குதுறை, என்றே அழைக்கின்றனர். அதனை அடுத்த ஆறும் ஊரும் நம்மவர் எழுத்தில் ‘பிறை’ ஆயின. பிறை பார்ப்பதற்கும் அவ்வூருக்கும் தொடர்பு ஏதுமில்லை. பெராய் என்பதன் தமிழ் உருவமே அது. இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே குறுகிய இடத்தில் சுமார் 3 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. இடப்பெயர்கள் எல்லாம் கரை, முனை, துறை என்றே அமைந்திருத்தலைக் காணும்போது, அங்கு வாழ்ந்தோர் நிலத்தை நீரிலிருந்து பார்த்தே பெயரிட்டனர் என்பது விளங்கும்.

அத்தீவு கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்தது. கெடாவே தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் கடாரம். அரபு நிலநூலார் ‘கலா’ என்று குறித்த துறைமுகமும் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆகவே, ஆங்கிலேயர் கொடி ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சோழமண்டலக் கரைக்கும் அந்நீருக்கும் உறவு இருந்தது. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டார். சயாம் நாட்டவர் படையெடுத்தால் கம்பெனி காத்துநிற்கும் என்ற நம்பிக்கையிலேயே சுல்தான் அப்துல்லா இதற்கு இசைந்திருந்தார். கம்பெனி அப்பொறுப்பை ஏற்கவில்லை. 1791இல் அவர் தீவை மீட்க எதிர்க்கரையில் படை திரட்டியபோது லைட் முந்திக்கொண்டு தாக்கினார். விளைவு, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற உடன்படிக்கை. 1800இல் எதிர்க்கரையின் ஒரு பகுதியும் கம்பெனிக்குச் சென்றது. தொகை 10,000 ஆயிற்று. அன்றுமுதல் படகின் இரு துறைகளும் ஓர் ஆட்சியின்கீழ் வந்தன. ஒரு துறையிலிருந்து மறு துறைக்குச் சுங்கமின்றிப் போய்வரும் இன்றைய எளிமைக்குப் பின்னே இத்தகைய வஞ்சனையும் உண்டு.

தீவு கம்பெனியிடம் வந்த சில ஆண்டுகளிலேயே நம்மவர் அங்கே நிறைந்துவிட்டனர். 1794இல் லைட் எழுதிய குறிப்பு ஒன்றில், சூலியர் ஆயிரவர் வரை குடியேறியிருப்பதையும், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வணிகமும் கூலிவேலையும் செய்து சிறிது பொருள் சேர்த்துத் திரும்ப, அவர்களுடைய இடத்திற்கு வேறு சிலர் வருவதையும் பதிந்திருக்கிறார். சூலியா என்பது சோழியர் என்பதன் திரிபு என்பர். அவர்களுள் பெரும்பாலோர் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பறங்கிப்பேட்டை முதலிய துறைகளின் முஸ்லிம்கள். பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசி மக்களும் இராமநாதபுரத்துக் கரையாரும் சேர்ந்தனர். அரபியில் ‘ஸபர்’ என்றால் பயணம். அச்சொல்லைக் கொண்டு நம் கடற்கரை ஊர்களில் ‘சபராளி’ என்றொரு தமிழ்ச்சொல்லே பிறந்துவிட்டது. ஊரைவிட்டுக் கடல் கடந்து பிழைப்பவன் என்பது பொருள். இத்தனை அழகாக ஒரு துயரத்தைச் சுருக்கிய சொல் வேறு உண்டோ, அறியோம்.

பெரிய கப்பல்கள் நங்கூரமிட்ட இடத்திலிருந்து சரக்கையும் ஆட்களையும் கரைசேர்க்கச் சிறு கலங்கள் வேண்டும். அந்தத் தொங்கான் தொழிலிலும், சுமை தூக்கும் தொழிலிலும், கப்பல்களுக்கு உணவும் நீரும் வழங்கும் தொழிலிலும் சூலியர் கை ஓங்கியிருந்தது. இன்று உலகோர் புகழும் நாசி கண்டார் சோறு இத்துறைமுகத் தொழிலாளருக்காகத் தோளில் தண்டு வைத்துச் சுமந்து விற்கப்பட்டதே. ‘கண்டார்’ என்பது அந்தத் தோள்தண்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். குளிர்சாதன அறையில் அமர்ந்து உண்போருக்கு இது நினைவுக்கு வருவதில்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லைதான்.

இவர்களின் தலைவராகக் கம்பெனியார் ஏற்றவர் காதர் மொய்தீன் என்னும் மரைக்காயர். பறங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர் என்பர். ‘கப்பித்தான் கெலிங்’ என்பது அவரது பதவிப்பெயர். கலிங்கம் என்பதினின்று வந்த ‘கெலிங்’ என்னும் சொல் பிற்காலத்தில் இழிசொல்லாகத் திரிந்தது. அவர் காலத்தில் அது மரியாதைக்குரிய பட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கம்பெனி அளித்த 18 ஏக்கர் நிலத்தில் 1801இல் அவர் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு நிற்கிறது. இன்று காணும் குவிமாடங்களும் மினாராவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த விரிவாக்கத்தால் அமைந்தவை. நிலத்தின் பெரும்பகுதி கடைகளாகவும் வீதிகளாகவும் மாறிப்போனது. வக்புச் சொத்துகளின் நிர்வாகம் பற்றி எழுந்த குறைகளால் 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென ஆங்கிலேயர் தனிச்சட்டமே செய்ய நேர்ந்தது. நம்மவர் கட்டியதை நம்மவரே காக்கத் தவறிய கதையை இங்கே விரிக்க வேண்டா.

இனிப் படகுக்கு வருவோம். முற்காலத்தில் கரையிடைப் போக்குவரத்து சம்பான்களாலேயே நடந்தது. 1894இல் குவா பெங் கீ என்னும் சீன வணிகர் தம் சகோதரர்களுடன் நீராவிப் படகுச் சேவையை ஒழுங்காகத் தொடங்கினார். 1920களில் துறைமுக வாரியம் அதனை ஏற்று, மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் படகுகளை விட்டது. தீவின் கரையில் மணிக்கூண்டுடன் கூடிய பழைய ரயில்வே மாளிகை ஒன்றுண்டு. தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம் என்று அதனை வேடிக்கையாகச் சொல்வர். பயணி அங்கே ரயில் சீட்டு வாங்கிப் படகேறி, எதிர்க்கரையில் ரயிலைப் பிடிப்பான். அக்கட்டடம் இப்போது சுங்கத்துறை வசம் உள்ளது.

ஆகப் பினாங்கை அடைய இரண்டு நீர்வழிகள் இருந்தன. ஒன்று இந்தக் கால்மணி நேரப் படகு. மற்றொன்று வங்கக்கடலைக் கடந்துவரும் கப்பல். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வின் பெயரைக் கேளாத பழைய குடும்பம் நம் கடற்கரையில் அரிது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி, பினாங்கு வழியே சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது ஓடியது. நாகையில் கப்பல் கரைசேர முடியாமையால் தோணியில் சென்றே ஏறுவர். 1973இல் அது ஓய்ந்தபின் ‘சிதம்பரம்’ கப்பல் அவ்வழியில் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அத்துடன் சென்னைக்கும் மலாய் நாட்டுக்கும் இடையே நெடுங்காலம் நடந்துவந்த பயணிக் கப்பல் போக்குவரத்து முடிந்தது. அதே 1985 செப்டம்பரில்தான் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஒரு வழி அடைபட்டது. மற்றொன்று தன் இன்றியமையாமையை இழந்தது. இவ்விரண்டையும் சேர்த்து எழுதியவரை நாம் கண்டதில்லை. மலேசிய வரலாற்று நூல்கள் பாலத்தைப் பேசுகின்றன. நம் ஊர்க் கதைகள் கப்பலைப் பேசுகின்றன.

(மாணவர்க்காக ஒரு சிறு குறிப்பு. கப்பலில் ஒரு வாரம் போல் எடுத்த தூரத்தை விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறதே, தொழுகையைச் சுருக்கலாமா என்று கேட்பர். ஷாபிஈ நூல்கள் தூரத்தையே அளவாகக் கொள்கின்றன. கடலும் தரையைப் போன்றதே, சிறுபொழுதில் கடந்தாலும் சுருக்கலாம் என்பது அவற்றின் முடிவு. ஆனால் பட்டர்வொர்த்தில் குடியிருப்பவர் படகேறித் தீவுக்குப் போவதால் மட்டும் முஸாபிர் ஆகிவிடார்!)

பாலம் வந்தபின்னும் படகு நிற்கவில்லை. 1988 ஜூலை 31ஆம் நாள் திருவிழாக் கூட்டம் நெரிந்திருந்தபோது பட்டர்வொர்த் துறையின் நடைமேடை சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். திருவிழா நாட்களில் துறையில் முண்டியடிக்கலாகாது என்பதை அதிலிருந்தேனும் பயணிகள் கொள்ளவேண்டும். தீவுகளின் பெயர் தாங்கிய ஈரடுக்குப் பழம்படகுகள் 2020ஆம் ஆண்டின் முடிவோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் நான்கு வந்தன. அவை ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் ஏற்றுகின்றன. மோட்டார் கார்களுக்கு அவற்றில் இடமில்லை.

பயணத்தை எவ்வாறு அமைப்பது? கோலாலம்பூருக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த் வருவது நன்று. நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். ரயிலடியை அடுத்தே படகுத்துறை. நேரே தீவில் இறங்கியவர்களும் ஒரு முற்பகல் அக்கரைக்குப் போய்த் திரும்பிவரலாம். திரும்பும்போது நகரம் எதிரே எழுவதைக் காண்பதே முக்கியம். தென்புறம் பாலம் தெரியும். அதற்கு அப்பால் இருப்பது ஜெரஜாக் தீவு. தொற்றுநோய்க்கு அஞ்சி, கப்பலில் வந்த நம்மவரைக் கரையேற்றுமுன் தடுத்துவைத்த இடம் அது.

தீவில் இறங்கியதும் வாடகை வண்டியைத் தேடவேண்டாம். படகுத்துறையின் எதிரிலேயே காட் லெபு சூலியா என்னும் தெரு தொடங்குகிறது. ‘காட்’ என்பது நம் நாட்டுப் படித்துறைச் சொல்லே. சிறிது தொலைவு நடந்ததும் பந்தாய்த் தெரு குறுக்கிடும். ‘பந்தாய்’ என்றால் கடற்கரை. 1880களில் கடலைத் தூர்ப்பதற்கு முன் கரை அங்கேதான் இருந்தது. நம் முன்னோர் கால்பதித்த மணல் அந்தத் தார்ச்சாலையின் அடியில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சூலியா தெருவில் நடந்தால், கிங் தெரு முனையில் நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுப்பிய தர்கா. மேலும் சில நிமிடங்களில் கப்பித்தான் பள்ளிவாசல். தோணியிலிருந்து இறங்கியவன் சென்ற வழி இதுவே. 1880களில் நாகூர் குலாம் காதிர் நாவலர் ‘வித்தியா விசாரிணி’ என்னும் தமிழ் இதழை நடத்தியதும் இந்நகரில்தான்.

பெண்டிரையும் பிள்ளைகளையும் அவ்வழியே அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். சபராளிகள் பெரும்பாலும் தனித்தே போயினர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வந்து சில திங்கள் தங்கி மீண்டனர். சூலியா தெரு என்னும் பெயரைக் கடித உறையின்மேல் மட்டுமே கண்டு, அதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேறொருவரை நாடி, அங்கு வெயிலா மழையா என்றும் அறியாமல் வாழ்ந்து முடித்த பாட்டிமார் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களின் பேத்திகள் இன்று கணவரோடும் குழந்தைகளோடும் அத்தெருவில் நடக்க முடிகிறது. அந்த ஒரு நடைக்கு நிரலில் அரைநாள் ஒதுக்குங்கள், வண்ணத்துப்பூச்சிகள் பொறுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆவுக்கு அப்பள்ளிவாசலில் சேரும்படி முற்பகலிலேயே படகேறுவது நலம்.

படகுக் கட்டணம் சிறிது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குச் செல்லும்போது மட்டும் சீட்டு வாங்குவதும், தீவிலிருந்து எதிர்க்கரைக்குத் திரும்புவோரிடம் ஒன்றும் கேளாததும் அத்துறையின் நெடுங்கால வழக்கமாக முன்னர் இருந்தது.