தென் துருவத்துக் காற்றும் நம் வயல் கணக்கும்

மீத்தேன் என்றால் ஏதோ புது வாயு என்று நினைக்க வேண்டாம். 1980களில் அரசு மானியத்தோடு வந்த சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிந்தது பெரும்பாலும் அதுதான். கண்மாய்ச் சேற்றை மிதித்தால் குமிழியாக வருவதிலும், மாடு அசைபோடும்போது வாய்வழியே வெளியேறுவதிலும் அது உண்டு.

காற்றில் இந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று உலகின் பல இடங்களிலும் தொடர்ந்து அளப்பதை 1983-ல் அமெரிக்காவின் நோவா நிறுவனம் தொடங்கியது. அதில் தென் துருவமும் ஓர் இடம். அங்கே மாடு இல்லை, வயல் இல்லை, குப்பைமேடும் இல்லை. உள்ளூர் அழுக்கு கலக்காத காற்று கிடைக்கும் என்பதால்தான் அந்த இடம். கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து அமெரிக்காவின் போல்டர் நகரத்துக்கு அனுப்புவார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை வழக்கமான விமானம் கிடையாது. அந்த மாதங்களில் பிடித்த குடுவைகள் கோடைக்காகக் காத்திருக்கும்.

1984-ல் உலக சராசரி, காற்றின் 100 கோடி மூலக்கூறுகளுக்குச் சுமார் 1,645 மீத்தேன். 2023-ல் அது 1,920-ஐத் தாண்டிவிட்டது. துருவப் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழங்காற்றை அளந்ததில், 1750 வாக்கில் இது 700 சொச்சம்தான் என்று தெரிகிறது.

ஏறுகிறது, சரி. ஏற்றுவது யார்? குடுவை மொத்தத்தைச் சொல்லும். எந்த நாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அங்கேதான் தகராறு வந்தது. இந்திய நெல்வயல்களிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வருவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்குப் போட்டது. நம் வயலில் இறங்கி அளந்த கணக்கு அல்ல அது. ஐரோப்பா, அமெரிக்கா வயல்களின் அளவை வைத்து நம் பரப்பால் பெருக்கியது. 1992 ரியோ மாநாடு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த எண் நிலைத்திருந்தால் பூமி சூடாவதில் பெரும்பழி நம் சம்சாரி தலையில் விழுந்திருக்கும்.

தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாடு தழுவிய அளவீடு நடந்தது. பயிரின் மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு!

காரணம் எளிது. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி, மண்ணுக்குக் காற்றுப் போகாதபோதுதான் மீத்தேன் உண்டாகும். இந்தியாவில் பாதி வயல் வானம் பார்த்தது, அடிக்கடி காயும். நம் கரிசல் மானாவாரியில் கம்பும் உளுந்தும் பருத்தியும் விளையும் நிலத்தில் அதற்கு வழியே குறைவு. காய்ந்த மண்ணில் காற்றிலுள்ள மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்களும் உண்டு.

இதனால் நம் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. மாடுகளும் நகரத்துக் குப்பையும் நிலக்கரிச் சுரங்கங்களும் நம் பக்கத்திலும் இருக்கின்றன. அவற்றையும் நாமே இறங்கி அளந்து வைத்துக்கொள்வது நல்லது. 1991-ல் நம் ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்திருந்தால், அந்த 3 கோடியே 78 லட்சம்தான் இன்றும் புத்தகங்களில் இருந்திருக்கும்.