குதிரை ஏறத் தெரியாதவர்களும் சேரலாம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சின்னமனூரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகளுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு இருக்கிறது. மகள் அதில் சேர ஆசைப்படுகிறாள். "குதிரையை டிவியில பாத்ததோட சரி டீச்சர். பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு எங்க அத்தை கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். சேரட்டும் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கதையைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் குதிரை எப்போதும் வெளியூர்ச் சரக்குதான். சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் குதிரை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டிய மன்னர் அவரிடம் பொன்னைக் கொடுத்து அனுப்பியது எதற்கு? குதிரை வாங்கத்தான். நரி பரியான கதையை வகுப்பில் சொல்லும்போது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஆனால் அரசாங்கக் கஜானாவே குதிரைக்காகக் காலியாகும் நிலைமை இருந்தது என்பதையும் அந்தக் கதை சொல்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து வருடத்துக்கு 2000 குதிரைக்கு மேல் ஒரு மன்னர் வாங்குவாராம். வருடக் கடைசியில் 100கூட மிஞ்சாதாம். காரணம், குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் சரியாகப் பராமரிக்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம் நடக்கும்! எண்ணிக்கையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் பாடம் ஒன்றுதான். ஏறுவதற்கு ஆள் இருந்தது, குதிரையைக் காப்பாற்றும் படிப்பு இல்லை.

சரி, சாதாரண மக்களுக்குக் குதிரை எங்கே இருந்தது? அய்யனார் கோயிலில், மண் குதிரையாக. நிஜக் குதிரையை நினைத்துப் பார்க்க முடியாத குடியானவர்கள் வேளாரிடம் சொல்லிப் புரவி செய்து சாமிக்கு நேர்ந்துவிட்டார்கள்.

நம் போடி மலையைப் பாருங்கள். குரங்கணி, கொட்டகுடி பக்கமிருந்து ஏலக்காயும் காப்பியும் மிளகும் குதிரை முதுகில் மூட்டையாக இறங்கின. ரோடு இல்லாத மலைக் கிராமங்களுக்கு ஓட்டுப் பெட்டி குதிரையில் போவதைத் தேர்தல் சமயத்தில் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரைக்காரர் ஏறி உட்காருவதில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். தோட்டத்துத் துரைமார் ஏறிப் போனார்கள், நம் ஆட்கள் நடந்து போனார்கள். குதிரையோடு பிழைத்தவர்கள் ஏராளம். ஏறினவர்கள் கொஞ்சம் பேர்தான்.

யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்ற கணக்கு உலகம் முழுவதும் இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், குதிரையை அளந்து வைத்தாற்போல் ஒழுங்கு நடை போட வைக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. மறு வருடம் அதைப் பிடுங்கிவிட்டார்கள். அணியில் இருந்த பெர்சன் என்பவர் உண்மையில் ராணுவ அதிகாரி இல்லை, சார்ஜன்ட்தான் என்பதே காரணம். பிறகு விதியை மாற்றினார்கள். 1952 ஹெல்சின்கியில் அதே பெர்சன் அடங்கிய அணி மறுபடியும் தங்கம் வென்றது. அந்த வருடம்தான் டிரெஸ்ஸாஜில் பெண்களையும் சேர்த்தார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளி வாங்கினார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். ஏறிவிட்டால் ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டார்.

நம் நாட்டில் என்.சி.சி. சட்டம் வந்ததும் அதே 1948ல்தான். 1949ல் பெண்கள் பிரிவு தொடங்கியது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இருப்பது ஆர் அண்ட் வி என்கிற பிரிவு, அதாவது ராணுவத்தில் குதிரைகளையும் அவற்றின் வைத்தியத்தையும் கவனிக்கும் படையின் மாணவர் வடிவம். 1903ல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியில் அது இருக்கிறது. இடம் குறைவு, உடல்தகுதி பார்ப்பார்கள். ஆனால் "உனக்குக் குதிரை ஏறத் தெரியுமா, உங்கள் வீட்டில் குதிரை உண்டா" என்று கேட்டுச் சேர்ப்பதில்லை. ஜமீன் வீட்டுப் பிள்ளையும் சரி, மேகமலையில் தேயிலை பறிக்கிறவரின் பிள்ளையும் சரி, முதல் பாடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்த முதல் பாடம் சவாரி இல்லை, லாயம். குதிரையின் பின்பக்கமாகப் போகக் கூடாது. உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், குளம்பைத் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். சேணம், கடிவாளம் பூட்டக் கற்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் ஏறக் கூடாது. அங்கவடியில் பாதத்தின் முன்பகுதிதான் இருக்க வேண்டும். விழுந்தாலும் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு நடை, அதற்குப் பிறகுதான் ஓட்டம். அம்மாவின் பயம் நியாயமானது. விழாமல் யாரும் கற்றதில்லை. ஆனால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் விழுவது வேறு, தெருவில் விழுவது வேறு.

மார்க்கோ போலோ இல்லை என்று சொன்ன இரண்டும், அதாவது பராமரிப்பும் வைத்தியமும், சவாரியோடு சேர்ந்து ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அத்தைக்கும் ஒரு பதில். 2023ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றது. குதிரைப் போட்டியில் 41 வருடத்துக்குப் பிறகு வந்த தங்கம் அது. அணியில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் பெண்கள்.

வட மாநிலங்களில் இன்றும் தலித் மாப்பிள்ளை கல்யாணத்தன்று குதிரையில் வந்தார் என்பதற்காக அடிபடுகிற செய்தி வருகிறது. குதிரை முதுகு என்பது வெறும் உட்காரும் இடம் இல்லை, கண்ணுகளா. யாரும் ஏறலாம் என்று ஒரு கல்லூரி கதவைத் திறந்து வைத்திருந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

2020லிருந்து நம் வீரபாண்டியிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, முதல் வாரத்திலேயே என்.சி.சி. அலுவலரைப் பார்த்து என்னென்ன பிரிவு இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். தெரியாது என்பதற்காக எதையும் விட வேண்டாம். தெரியாததைக் கற்கத்தானே கல்லூரி?

அன்புடன்,
உங்கள் டீச்சர்