பழகிய கையும் ஏழு கன்னிமலையும்

மலையகத்திற் பிறந்தோர்க்குக் கையின் நினைவு புதிய செய்தியன்று. கொழுந்து பறிக்கும் பெண் ஒவ்வோர் இலையையும் ஆராய்ந்து கிள்ளுவதில்லை. இரண்டிலையும் ஒரு மொட்டும் எங்கே உளவென அவள் விரல்களே அறியும். ஆயின் பழகிய கை, தன் கீழுள்ள பொருள் மாறியதை உடனறிவதில்லை. விமானியின் அறையில் இவ்வியல்பு உயிர்களைப் பலிகொள்ள வல்லது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில நலமே தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையில் வயிறு உரச வீழ்ந்தன. இறக்கை மடல்களை உள்ளிழுக்க எண்ணிய விமானிகள் சில்லுகளை உள்ளிழுத்துவிட்டனர். விமானியின் தவறென்றே இது கருதப்பட்டது. 1943 இல் இதனை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், இரண்டையும் இயக்கும் ஆளிகள் ஒரே வடிவினவாய் அருகருகே இருப்பதைக் கண்டார். ஒன்றன் தலையிற் சிறு சில்லையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். இருளிலும் விரல் வேறுபாட்டை உணர்ந்தது. 1947 இல் பிற்ஸ், ஜோன்ஸ் என்போர் இத்தகைய 460 தவறுகளைத் தொகுத்தாராய்ந்து, அவற்றுட் பல கருவிகளின் அமைப்பால் விளைந்தவை என நிறுவினர். இன்றும் பயணிகள் விமானங்களிற் சில்லுகளை இயக்கும் பிடி சில்லு வடிவிலேயே உளது.

இப்பாடம் எம் மலைகளுக்கும் உரியது. 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேருடன் வந்த நெதர்லாந்தின் மாட்டினெயர் டீ.சீ. 8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்க முற்படுகையில் மஸ்கெலியாவை அடுத்த ஏழு கன்னிமலையில் மோதியது. பணியாளர் 9 பேர் உட்பட 191 பேரும் மாண்டனர். தாம் இருந்த இடத்தைப் பிழையாக உணர்ந்த விமானிகள் பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கினர் என்றும், அவர்கள் சார்ந்திருந்த டொப்ளர், வானிலை றேடார் கருவிகள் பிழையான விளக்கத்திற்கு இடமளித்தன என்றும் விசாரணை முடிவு செய்தது. ஆளியைத் தொடும் விரலும் கருவியை வாசிக்கும் கண்ணும் ஒரு தன்மையன. தாம் எதிர்பார்த்ததையே எளிதில் ஏற்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஒருவர் கை நசுங்கின், கவனக்குறைவு என எழுதி ஏட்டை மூடுவது எளிது. அக்கை எவ்வாறு பழக்கப்பட்டது, இயந்திரம் எவ்வாறு அமைக்கப்பட்டது என வினவுவதே வரலாறு கற்றோர் கடன். நோட்டன் பிறிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டுள்ள அவ்விமானத்தின் டயர், கடந்து செல்வோரிடம் அவ்வினாவையே எழுப்புகின்றது.