கணக்கில் எழுதப்படாத மரணங்கள்

இலக்கியம் பேசக் கூடும் இவ்விடத்தில் இதய நோய் மாத்திரைகளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வரலாறு என்பது அரசர்களும் போர்களும் கல்வெட்டுகளும் மட்டும்தானா என்ற எதிர்க்கேள்வியையே நாம் அவர்கள்முன் வைக்கிறோம். மாரடைப்புக்குப் பின் நாள்தோறும் மாத்திரை விழுங்கும் ஒருவரேனும் நம்மில் பலரது வீட்டில் இருக்கிறார். காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று அவர் விழுங்கும் அவை உண்மையிலேயே அவரது ஆயுளை நீட்டிக்கின்றனவா? நீட்டிக்கின்றன என்றால், அதை உலகம் எவ்வாறு அறிந்துகொண்டது?

எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் 200 ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. அந்த நெடும்பயணத்தில் தன் தோல்விகளை மறைக்காமல் எழுதிவைத்தவர் உண்டு. எழுதாமல் விட்டவரும் உண்டு. எழுதாமல் விட்டதற்கு எத்தகைய விலை கொடுக்க நேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

மூதாட்டியின் மூலிகை

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மருத்துவம் பார்த்து வந்தவர் வில்லியம் விதரிங். தாவரவியலிலும் தேர்ந்தவர். 1775ஆம் ஆண்டு ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி நெடுங்காலம் இரகசியமாகக் காத்துவந்த மருந்து அது. கால்கள் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுவிடத் திணறி, மற்ற மருத்துவர்களால் கைவிடப்பட்டவர்களைக்கூட அம்மருந்து சில வேளைகளில் எழுந்து நடக்க வைத்தது.

அக்கலவையில் 20க்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது எது என்பதைக் கண்டறிய விதரிங்கின் தாவர அறிவு கைகொடுத்தது. ஊதா நிறத்தில் மணிமணியாகப் பூக்கும் ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலைதான் அது. டிஜிடாலிஸ் என்பது அதன் தாவரவியற் பெயர்.

ஆனால் அது மருந்து மட்டுமன்று, நஞ்சும்கூட. அளவு சற்று மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் வரும். காணும் பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றும். நாடி மிகவும் தளர்ந்து உயிரே போகலாம். எத்தனை கொடுத்தால் மருந்து, எத்தனை கொடுத்தால் நஞ்சு என்ற எல்லையைத் தேடி விதரிங் பத்தாண்டுகள் உழைத்தார். 1785ஆம் ஆண்டு தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் பெருமை மூலிகையைக் கண்டறிந்ததில் மட்டும் இல்லை என்பதே நம் எண்ணம். நலமடைந்தவர்களின் கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தந்திருந்தால் மருந்தின் புகழும் தம் புகழும் ஓங்கியிருக்கும் என்பதை விதரிங் அறிந்தே இருந்தார். அதை நூலில் அவரே குறிப்பிடுகிறார். உண்மையும் அறிவியலும் அத்தகைய செயலை ஏற்கமாட்டா என்று சொல்லி, தாம் இம்மருந்து கொடுத்த நோயாளிகள் ஏறத்தாழ 160 பேரின் கதைகளையும் வரிசையாக எழுதினார். பிழைத்தவர், பிழைக்காதவர், மருந்தால் துன்புற்றவர் என அனைவரும் அந்நூலில் இடம்பெற்றனர். 1799இல் மறைந்த அவருடைய நினைவுக்கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடி செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செடிக்கு அருகே ஒரு கணக்கேட்டையும் செதுக்கியிருக்கலாம்!

அந்த இலையின் வழிவந்த டிஜாக்ஸின் 1930இல் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. ஆயினும் அது ஆயுளை நீட்டிக்கிறதா என்ற கேள்வியைப் பெருங்கணக்காகப் போட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 1997இல்தான் வெளிவந்தது. இதயம் தளர்ந்த 6,800 நோயாளிகளில் ஒரு பாதியினர் டிஜாக்ஸினும், மறு பாதியினர் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் பெற்றனர். டிஜாக்ஸின் பெற்றவர்களில் நூற்றுக்கு 34.8 பேரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35.1 பேரும் இறந்தனர். நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது மருந்தினால் குறைந்தது, மரணம் குறையவில்லை. உடல் தேறுவது வேறு, உயிர் நீடிப்பது வேறு என்ற பாடத்தை இந்த எண்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

இப்பாடத்தை அறியாமல் போனால் என்ன நேரும்? அதற்கு அமெரிக்கா செல்லவேண்டும்.

அழகான தர்க்கம்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலர், சில மாதங்கள் கழித்துத் திடீரென்று சரிந்து இறந்துபோவதுண்டு. அவர்களுடைய இ.சி.ஜி.யைத் தொடர்ந்து பதிவு செய்து பார்த்த மருத்துவர்கள் ஓர் ஒற்றுமையைக் கண்டனர். சீரான துடிப்புகளுக்கு நடுவே, முறைக்கு முன்பே முந்திக்கொண்டு வரும் பிசகான துடிப்புகள் பலருக்கு இருந்தன. அவை மிகுதியாக இருந்தவர்களுக்குத் திடீர் மரண அபாயமும் மிகுதியாக இருந்தது.

இதிலிருந்து ஒரு தர்க்கம் பிறந்தது. பிசகான துடிப்பு அபாயத்தின் அறிகுறி. எனவே பிசகான துடிப்பை அடக்கினால் அபாயமும் அடங்கும். கேட்பவர் எவரும் தலையசைக்கும் தர்க்கம். அத்துடிப்புகளை அடக்கவல்ல ஃப்ளெக்கெய்னைடு 1985இலும், என்கெய்னைடு 1986இலும் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றன. உயிருக்கே ஆபத்தான தாளக் கோளாறுகளுக்கென வந்த இவ்வகை மருந்துகள், மாரடைப்புக்குப் பின் சில பிசகான துடிப்புகள் மட்டுமே இருந்தவர்களுக்கும் எழுதித் தரப்பட்டன. மருந்து உண்ட பின் எடுத்த பதிவுத்தாள் தெளிந்த நீரோடைபோல் சீராக இருந்தது. மருத்துவர் மகிழ்ந்தார், நோயாளியும் மகிழ்ந்தார்.

ஆனால் அவர்கள் அதிக நாள் வாழ்கிறார்களா என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

எண்ணத் தொடங்கியபோது

அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் அந்தக் கணக்கைப் போட முன்வந்தது. 1987இல் தொடங்கிய அவ்வாய்வு 'காஸ்ட்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ஆய்வை வகுத்தவர்களுக்கே மருந்தின்மீது பெரும் நம்பிக்கை இருந்தது. மருந்து நன்மை செய்கிறதா என்ற ஒரு திசையில் மட்டும் பார்க்கும் வகையிலேயே தொடக்கத்தில் கணக்கு வகுக்கப்பட்டது என்பதே அதற்குச் சான்று. தீமையும் செய்யக்கூடும் என்ற எண்ணம் பலருக்கு எழவேயில்லை.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்த நோயாளிகளிடம் இம்மருந்துகள் பிசகான துடிப்புகளை வெற்றிகரமாக அடக்கினவோ, அவர்களை மட்டுமே ஆய்வின் முதன்மைப் பகுதியில் சேர்த்தார்கள். அதாவது, மருந்து 'வேலை செய்கிறது' என்று முன்கூட்டியே உறுதியானவர்கள் அவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தையும் மற்றதற்கு வெற்று மாத்திரையையும் தந்தனர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

முடிவுகளைக் கண்காணிக்கத் தனிக் குழு ஒன்று இருந்தது. 1988இல் அக்குழுவின்முன் வைக்கப்பட்ட தாளில் எக்ஸ், ஒய் என்ற இரு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மரணங்கள் மிகுந்திருந்தன. எது மருந்துப் பிரிவு என்பதை அவர்கள் அப்போது கேட்டறியவில்லை. 1989 ஏப்ரலில் உறை பிரிக்கப்பட்டது. மிகுதியாக இறந்தவர்கள் மருந்து உண்டவர்கள்! அவ்விரு மருந்துகளின் ஆய்வும் உடனே நிறுத்தப்பட்டது.

1991இல் வெளியான முழுக் கணக்கு இது: மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர் இறந்தனர். சராசரியாகப் பத்தே மாதங்களில் இவ்வளவு வேறுபாடு. மூன்றாவது மருந்தான மோரிசைசினை வைத்துத் தொடர்ந்த ஆய்வும் 1991இல் பாதியிலேயே நின்றது. முதல் இரண்டு வாரங்களில் மட்டும், அதைப் பெற்ற 665 பேரில் 17 பேருக்கு மரணமோ இதய நிறுத்தமோ நேர்ந்திருந்தது. பெறாத 660 பேரில் அந்த எண் 3.

காரணம் பின்னர் விளங்கிற்று. இம்மருந்துகள் இதயத் தசையில் மின்தூண்டல் பரவும் வேகத்தைக் குறைப்பவை. மாரடைப்பால் தழும்பேறிய தசையில் அந்த வேகம் மேலும் குறைந்தால், மின்தூண்டல் முன்னேறிச் செல்லாமல் ஒரே இடத்தில் சுழல்போலச் சுற்றத் தொடங்கிவிடும். இதயம் துடிப்பதை விட்டு நடுங்கும். சிறு பிசகை அடக்கிய மருந்தே பெரும் பிசகை உண்டாக்கியது.

மருத்துவர்கள் ஏன் இதைக் கண்கூடாகக் காணவில்லை? அவர்களைக் குறைகூறுமுன் எண்களை மீண்டும் பார்ப்போம். மருந்து உண்ட நூறு பேரில் எட்டுப் பேர். உண்ணாத நூறு பேரில் மூன்று அல்லது நான்கு பேர். இருபது, முப்பது நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு தனி மருத்துவரின் கண்ணுக்கு இவ்வேறுபாடு புலப்படாது. இதய நோயாளி ஒருவர் இறந்தால் பழி நோயின்மீது விழுமே தவிர, மாத்திரையின்மீது விழாது. அனுபவம் எவ்வளவு பெரிதாயினும், எண்ணிப் பார்க்காத அனுபவம் நம்மை ஏமாற்றக்கூடியது. இவ்வகை மருந்துகளால் அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்திருக்கலாம் என்று தாமஸ் மூர் என்பவர் 1995இல் எழுதிய நூலில் மதிப்பிட்டார். அது மதிப்பீடுதான். உண்மை எண்ணை யாராலும் கூறமுடியாது. ஏனெனில் அந்த மரணங்கள் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

மேசையறையில் உறங்கிய தாள்

இவ்வரலாற்றில் நம் மனத்தை மிகவும் வருத்தியது இனிச் சொல்லப்போகும் பகுதியே. காஸ்ட் ஆய்வு தொடங்குவதற்கு ஏழாண்டுகள் முன்பு, 1980இல், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் லார்கெய்னைடு என்ற மருந்தைச் சோதித்தனர். இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேருக்குச் சற்றுக் குறைவு. மருந்து பெற்றவர்களில் 9 பேர் இறந்தனர். பெறாதவர்களில் ஒரே ஒருவர்.

சிறிய ஆய்வு என்பதால் அது தற்செயல் என்று ஆய்வாளர்கள் எண்ணினர். வணிகக் காரணங்களால் அம்மருந்தும் கைவிடப்பட்டது. விற்கப்படாத மருந்தைப் பற்றி எழுதுவானேன் என்று முடிவுகள் வெளியாகாமலே கிடந்தன. 1993இல், எல்லாம் நடந்து முடிந்த பின், அவர்களே அக்கணக்கை வெளியிட்டனர். அன்றே வெளியிட்டிருந்தால் அது வரவிருந்த ஆபத்துக்கு முன்னெச்சரிக்கையாக அமைந்திருக்கக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். பிந்தியேனும் வாய்திறந்தார்கள் என்பதற்காக அவர்களைப் போற்றவே வேண்டும். ஆயினும், 1785இல் தம் தோல்விகளை வரிசையாக எழுதிய விதரிங்கையும், 13 ஆண்டுகள் உறங்கிய அந்தத் தாளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

தர்க்கம் மறுபுறமும் தவறும்

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. பீட்டா தடுப்பான்கள் எனப்படும் மருந்துகள் இதயத்துடிப்பைத் தணிப்பவை. அதன் விசையையும் குறைப்பவை. எனவே தளர்ந்துபோன இதயத்துக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது என்று பாடநூல்கள் விலக்கி வைத்தன. இதுவும் அழகான தர்க்கம்தான். ஆனால் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவர் குழுவினரும் அத்தகைய ஏழு நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975இல் எழுதினர். நம்பியவர் சிலரே. 1999இல் வெளிவந்த ஒரு பேராய்வில் 2,647 நோயாளிகள் இருந்தனர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 228 பேரும், பைசோப்ரலால் என்ற பீட்டா தடுப்பானைப் பெற்றவர்களில் 156 பேரும் இறந்திருந்தனர். இந்த ஆய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது. இம்முறை மருந்தின் நன்மை தெளிவாகிவிட்டது என்பதற்காக! விலக்கப்பட்ட மருந்து இன்று இதயத் தளர்ச்சி மருத்துவத்தின் தூண்களில் ஒன்று.

ஒரு தர்க்கம் உயிரைக் காக்கும் என்றது, அது கொன்றது. மற்றொரு தர்க்கம் கொல்லும் என்றது, அது காத்தது. இரண்டையும் தீர்த்துவைத்தது மேதைமை அன்று. பொறுமையாக எண்ணிய எண்ணிக்கையே.

இன்று மருந்தாய்வுகளைத் தொடங்கும்போதே பொதுப் பதிவேட்டில் பதியவேண்டும் என்ற நடைமுறை வந்திருக்கிறது. இந்தியாவில் 2007இல் அத்தகைய பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டு, 2009இல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தொடங்கியது பதிவாகிவிட்டால், முடிவு எங்கே என்று எவரும் கேட்கலாம். மேசையறையில் தாள் உறங்குவது இனி அவ்வளவு எளிதன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் தம் வீட்டுப் பெரியவரின் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஃப்ளெக்கெய்னைடுகூட இதயத்தில் வேறு பழுது இல்லாத சிலருக்கு, குறிப்பிட்ட தாளக் கோளாறுகளுக்காக இன்றும் தரப்படுகிறது. எவருக்கு ஆகும், எவருக்கு ஆகாது என்ற அறிவு நமக்குக் கிடைத்ததே அந்த ஆய்வில் இறந்தவர்களால்தான்.

அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். 63, 26 என்ற இரு எண்களாகவே அவர்கள் நமக்கு எஞ்சியிருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரியிலிருக்கும் மாத்திரை அட்டைக்குப் பின்னால் பெயரறியாத அந்த மனிதர்களும் நிற்கிறார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பது, வரலாறு படிக்கும் நம் கடமை என்று கருதுகிறோம்.