கொழும்பில் காணி உறுதி

காணி உறுதி என்பது, இலங்கையில் நிலமோ வீடோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியதை நிறுவும், நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய ஆவணம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் எனப்படுவதை இலங்கைத் தமிழர் உறுதி என்பர். விலைக்கு முற்றாகக் கைமாற்றுவது அறுதி உறுதி, பிள்ளைகளுக்கோ உறவினருக்கோ கொடுப்பது நன்கொடை உறுதி, கடனுக்குப் பிணையாக எழுதுவது ஈட்டு உறுதி. தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையிலும் (கொழும்பு 6) கொட்டாஞ்சேனையிலும் (கொழும்பு 13) வீடு வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆவணத்தின் முன் ஒருநாள் வந்து நிற்கிறது. இதன் வரலாறு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு நீண்டது. அந்த வரலாறு முழுவதிலும் ஒரு பொது விதி நிற்கிறது: விற்பவரிடம் இல்லாத உரிமையை உறுதி வாங்குபவருக்குத் தராது.

தோம்பும் கந்தோரும்

இத்துறையின் சொற்களே அதன் வரலாற்றைச் சொல்லும். பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு, போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். நொத்தாரிசும் கந்தோரும் (அலுவலகம்) ஒல்லாந்தருடையவை. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரி வாங்குவதற்காக நிலங்களை ஏட்டில் பதிந்தனர். 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதே முறையை விரித்து, நிலத்துக்கு ஒரு தோம்பும் குடும்பத்துக்கு ஒரு தோம்பும் எழுதினர். யாருடைய தோட்டம், எவ்வளவு பரப்பு, எத்தனை தென்னை, எத்தனை பலா என்பது வரை அவற்றில் உண்டு. எஞ்சிய ஒல்லாந்தத் தோம்புகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தர் காலச் சட்டமே தொடரும் என 1799 செப்ரெம்பர் 23 இல் பிரகடனம் செய்தனர். அதனால்தான் ஒல்லாந்திலேயே வழக்கொழிந்துவிட்ட ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமாக இன்றும் நிற்கிறது.

வாய்ப்பேச்சு செல்லாது: 1840

1834 இல் ஒரு தடவை முயன்று, பின்னர் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தால் ஆங்கிலேய அரசு நிலக் கொடுக்கல் வாங்கலுக்குக் கட்டாய வடிவம் கொடுத்தது. இச்சட்டத்தின் 2 ஆம் பிரிவே இன்றைய உறுதியின் அடித்தளம். விற்பனை, ஈடு, கைமாற்றம் எதுவாயினும் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர், நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒரே வேளையில் முன்னிருக்கக் கையொப்பமிட வேண்டும். பிறகு நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்த வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கைமாற்றத்துக்குச் சட்டவலு இல்லை.

விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். வெள்ளவத்தையில் வீடு பார்த்து, விலை பேசி, முற்பணம் கொடுத்து, வெறும் தாளில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்வோர் பலர். அந்தச் சீட்டு பணம் கொடுத்ததற்குச் சான்றாகும். வீட்டின்மீது எந்த உரிமையையும் தராது. விற்பவர் மனம் மாறினால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் நொத்தாரிசு உறுதி வேண்டும் என்பதும் இதே பிரிவின் விதியே.

பதிவேடு: 1863 முதல் 1927 வரை

எழுதிய உறுதியை அரச ஏட்டில் பதியும் முறையை 1863 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். ஒவ்வொரு காணிக்கும் ஏட்டில் ஒரு பக்கம் உண்டு. அக்காணியைப் பற்றிய விற்பனை, நன்கொடை, ஈடு, நீதிமன்றத் தடை, நிலுவையிலுள்ள வழக்கு எல்லாம் அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து ஏறும். பக்கம் நிரம்பினால் வேறொரு பக்கத்துக்குப் போகும். அந்தத் தொடர்ச்சி இலக்கங்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதே தேடுதல். வழமையாக முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் தேடுவர்.

பதிவின் பயன் முந்துரிமை; முன்சொன்ன பொது விதிக்கு அது ஒரு விலக்கு. ஒரே வீட்டை ஒருவர் இருவருக்கு விற்றிருந்து, முதலில் வாங்கியவர் பதியாமல் விட, இரண்டாமவர் விலை கொடுத்து வாங்கி உரியபடி பதிந்துவிட்டால் இரண்டாமவரின் உறுதியே மேலோங்கும். மோசடி செய்து பெற்றிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. ஆனால் பதிவேட்டில் ஏறுவது ஆவணம்; உரிமைக்குப் பதிவேடு உத்தரவாதம் அளிப்பதில்லை. கள்ளக் கையொப்பமிட்ட உறுதியைப் பதிந்தாலும் அது கள்ள உறுதிதான். பதிவு முத்திரையைக் கண்டதும் மனம் ஆறிவிடும் வாங்குநர் கவனிக்க வேண்டிய இடம் இது.

உறுதியின் அமைப்பு

நொத்தாரிசுகளின் கடமைகளை 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. உறுதி மூன்று பிரதிகளாக எழுதப்படும். மூலப் பிரதி வாங்கியவர் கைக்குப் போகும். இன்னொன்று நொத்தாரிசிடம் தங்கும். மூன்றாவதை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அவர் அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்த மூல உறுதி 1983 யூலை வன்முறையில் எரிந்துபோன குடும்பங்கள், பதிவகத்திலிருந்த பிரதியைக் கொண்டு தமது உரிமையை மீண்டும் நிறுவ இது வழி தந்தது.

உறுதியின் முன்பகுதியில் விற்பவர், வாங்குபவர், விலை, விற்பவருக்கு அந்த உரிமை எந்த உறுதியால் வந்தது என்பன இருக்கும். கடைசியில் வருவது அட்டவணை. நில அளவையாளரின் வரைபட இலக்கமும் திகதியும், காணித்துண்டின் இலக்கம், சோலைவரி (சொத்துவரி) இலக்கம், வீதியின் பெயர், வடக்கு கிழக்கு தெற்கு மேற்கு என நான்கு எல்லைகள், ஏக்கர்–றூட்–பேர்ச் கணக்கில் பரப்பு, பதிவேட்டின் இலக்கம் எல்லாம் அதில் அடங்கும். 160 பேர்ச் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு, கொழும்பில் ஆறு பேர்ச்சும் எட்டுப் பேர்ச்சும் கோடிகளில் பேசப்படுவது முதலில் நம்பமுடியாததாகவே இருக்கும். பழைய உறுதியில் வடக்கெல்லை இன்னாரின் தோட்டம் என்றிருந்து இன்று அங்கே மாடிவீடு நிற்பது கொட்டாஞ்சேனையில் சாதாரணம். ஆகவே புதிய அளவைப்படம் இல்லாமல் பழைய அட்டவணையை அப்படியே பெயர்த்தெழுதுவது ஆபத்து.

கொழும்பு உறுதிகள் பல ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. கையொப்பமிடுபவருக்கு அம்மொழி தெரியாவிட்டால் அவருக்கு விளங்கும்படி எடுத்துச்சொல்வது நொத்தாரிசின் கடமை. தமிழில் கையொப்பம் வைப்பவர் விளக்கம் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை: பங்கும் பாகமும்

கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தகப்பன் பெயரிலிருந்த வீடு, அவர் இறந்தபின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிபடாத பங்குகளாக இறங்கிவிடும். பங்காளி ஒருவர் மற்றவர்களைக் கேட்காமலே தன் பங்கை விற்கச் சட்டம் இடம் தருகிறது. வாங்கியவருக்குக் கிடைப்பதும் பிரிபடாத அந்தப் பங்கே. இன்ன அறை, இன்ன முற்றம் என்று எதையும் அவர் தனதாக்க முடியாது.

இதற்குத் தீர்வு பாகப் பிரிவினை வழக்கு. 1863 இல் தனிச் சட்டமாக வந்த இம்முறை இன்று 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. வழக்குகள் தலைமுறை தாண்டி இழுபடுவது உண்மை. ஆயினும் இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால் அது உலகத்தார் யாவரையும் கட்டுப்படுத்தும். அதனால் உறுதித் தொடரின் வேராக ஒரு பாகப் பிரிவினைத் தீர்ப்பு இருந்தால் சட்டத்தரணிகள் நிம்மதியடைவர்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்து ஆண்டு தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். பங்காளிகளுக்கிடையே இது எளிதல்ல. ஒரு பங்காளி தனியே குடியிருந்தாலும் அது எல்லோருக்குமான ஆட்சியே என்று 1911 இல் கோரியா எதிர் அப்புகாமி வழக்கில் பிரித்தானியக் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) தீர்த்தது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரரின் பங்கு, அவர் வராததால் மட்டும் அழிந்துவிடாது.

வெள்ளவத்தை: தேசவழமையின் நிழல்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளான தேசவழமையை ஒல்லாந்த அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தார். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்டவலு அளித்தது. வடமாகாணத்தை நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட தமிழரை இது அவர்கள் போகும் இடமெல்லாம் தொடர்கிறது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். சீதனமாக வந்த வெள்ளவத்தை வீட்டை விற்கும் உறுதியில் கணவனும் கையொப்பமிடுவது இதனால்தான். மணவாழ்வில் விலைக்கு வாங்கியது தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் அதில் பாதி மற்றவரைச் சேரும்.

பங்காளிக்கும் வாரிசுக்கும் முதலில் வாங்கும் உரிமை தருகின்ற 1947 ஆம் ஆண்டின் முன்வாங்கல் சட்டம் வடமாகாணக் காணிக்கு மட்டுமே, கொழும்பில் இல்லை. பல பத்தாண்டுகளாகக் கொழும்பில் வேர்விட்ட குடும்பம் இன்னும் தேசவழமைக்குட்பட்டதா என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. அவரவர் நிரந்தர இருப்பிடம் எது என்பதை வைத்தே விடை அமையும்.

1983 இன் பின்

1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பாதிக்கப்பட்ட சொத்துகள் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் அரசின் பொறுப்புக்குச் சென்றன. பலர் நாட்டைவிட்டுப் போயினர். அந்நாளிலிருந்து, தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் கொழும்பு உறுதிகளில் பெருகியது. 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கமைய அதைப் பதிய வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டாலோ மீளப் பெற்றுவிட்டாலோ அதை வைத்து எழுதும் உறுதி செல்லாது. ஆகவே கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் வாங்குபவர் உறுதிசெய்ய வேண்டும். போரால் தம் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் நியாயம் செய்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம், முன்சொன்ன பத்தாண்டு ஆட்சியுரிமைக் கணக்கில் சேராது.

பிற நாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. வாரிசாக வருவதற்கும், முழு விலையையும் வெளிநாட்டுப் பணமாகச் செலுத்தி வாங்கும் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கும் அது விலக்கு அளித்தது. பிறகு இச்சட்டம் திருத்தப்பட்டது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இத்தடை இல்லை.

தொடர்மாடி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே இன்று உயர்ந்து நிற்கும் தொடர்மாடிகளுக்கு அடிப்படை, 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம். நிலமில்லாத வீட்டுக்குத் தனி உறுதி எழுத அது வழி திறந்தது. கட்டடத்தின் வரைபடம் உரியபடி பதிவான பின்னரே தனி வீட்டுக்கு உறுதி முடிக்கலாம். கட்டி முடியுமுன் பணம் செலுத்துபவர் கையில் இருப்பது உடன்படிக்கையே. அந்த நிலம் வங்கிக்கு ஈடாக உள்ளதா, மாநகர சபை கட்டடத்துக்குப் பொருத்தச் சான்றிதழ் தந்ததா என்ற இரண்டையும் கேட்டறிவது அவசியம்.

செலவும் கடன் உறுதியும்

மேல் மாகாணத்தில் விற்பனைக்கான முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். மூன்று கோடி ரூபா வீட்டுக்கு இது 11,99,000 ரூபாவாகும். வழமையாக வாங்குபவரே இதைச் செலுத்துவார். 2018 ஏப்ரல் 1 முதல் விற்பவருக்கு மூலதன ஆதாய வரி மீண்டும் வந்தது. தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்தெழுதுவது பின்னர் இருவருக்கும் கேடு.

அவசரக் கடனுக்குப் பிணையாக அறுதி உறுதி எழுதிக்கொடுத்து வீட்டை இழந்தவர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உண்டு. உண்மையில் விற்கும் எண்ணம் இருக்கவில்லை என்பதைச் சூழ்நிலை காட்டினால், 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு அவருக்குத் துணைநிற்கும். உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவாக விற்றவர் விற்பனையை நீக்கக் கோரவும் ரோமன்-டச்சுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வழக்காடி மீட்பதைவிட எழுதாமல் விடுவதே மேல்.

இன்றைய நிலை

உறுதிக்குப் பதில் உரிமைச் சான்றிதழ் வழங்க 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 'பிம் சவிய' என்ற பெயரில் 2007 முதல் அது பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. அம்முறையில் அரசே உரிமையை ஆராய்ந்து பதியும். அது வந்து சேராத காணிகளில் இன்றும் 1840 இன் உறுதியும் 1927 இன் பதிவேடுமே ஆள்கின்றன. ஆகவே, முற்பணம் கொடுக்குமுன் சொந்தச் சட்டத்தரணியைக் கொண்டு பதிவேட்டைத் தேடுவிக்க வேண்டும்; அளவைப்படத்தைக் காணியோடு ஒப்பிட வேண்டும்; விற்பவரை நேரில் காண வேண்டும். உறுதி முடிந்தபின் அது பதிவாகிவிட்டதா என்று பார்த்து, மாநகர சபையின் சோலைவரி ஏட்டிலும் பெயரை மாற்ற வேண்டும். இத்தனையும் செய்த பிறகே கையிலுள்ள தாள் தன் பெயருக்கேற்ப உறுதியாகிறது.